மும்முனை வந்ததும் பத்து மோட்டாரும் ஒன்றாகக் கிளம்புகிறது: பீடரில் அடக்குவதா, ஸ்டார்ட்டரில் அடக்குவதா?

கிணத்துமேடு:
63 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் 5 எச்பி மோட்டார் பத்து. எல்லாம் கரண்ட் வந்ததும் தானே கிளப்பும் ஆட்டோ ஸ்டார்ட்டர். முறைவைத்து வரும் மும்முனை வந்த நொடியே பத்தும் கிளம்பி, டிரான்ஸ்பார்மரின் எச்.ஜி. பியூஸ் (11 கேவி பக்கத்துப் பியூஸ்) போய்விடுகிறது. துணைமின் நிலையத்திலிருந்தே இதைச் சரிசெய்ய முடியுமா?

மின்பாதை:
முடியாதுங்க. அவர்கள் கை எட்டுவது 11 கேவி பீடர் (துணைமின் நிலையத்திலிருந்து டிரான்ஸ்பார்மர்களுக்கு வரும் லைன்) வரைதான். எந்தப் பீடருக்கு எந்த நேரம் என்று பிரிப்பார்கள். குஜராத்தின் ஜோதிகிராம் திட்டம் விவசாயப் பீடரைத் தனியாக்கிச் செய்ததும் அதைத்தான். டிரான்ஸ்பார்மருக்குக் கீழே எந்த மோட்டார் முந்துகிறது என்பது அங்கே தெரியாது.

கணக்கைப் பாருங்கள். 5 எச்பி ஓடும்போது சுமார் 7.5 ஆம்ப், கிளம்பும்போது ஆறு மடங்கு: 45. பத்துக்கும் சேர்த்து 450. அந்த டிரான்ஸ்பார்மரின் முழு அளவே 84 ஆம்ப். வோல்ட்டேஜ் கால்வாசி இறங்கினால் முறுக்குவிசை ஏறக்குறைய பாதியாகிவிடும். மோட்டார் வேகம் பிடிக்காமல் உறுமிக்கொண்டு நிற்கும், ஆம்பும் இறங்காது. ஒவ்வொரு ஸ்டார்ட்டரிலும், கிளம்புவதைத் தள்ளிப்போடும் டைமர் வையுங்கள்.

காயில்கட்டு:
டைமரில் ஒரு சிக்கல். பத்திலும் கடையில் வந்தபடி 30 விநாடியே இருந்தால், அதே நெரிசல் 30 விநாடி கழித்து வரும். 15, 30, 45 என்று ஆளுக்கொன்றாக வைத்தாலும், தண்ணீர் அவசரத்தில் ஒருவர் குறைத்துவிடுவார். ஒவ்வொரு முறையும் 0 முதல் 300 விநாடிக்குள் தானே புதிதாக ஒரு எண் எடுக்கும் கன்ட்ரோலர்தான் சரி. அந்த எண்ணைக் கருவி தன் சீரியல் நம்பரை வைத்துக் கணக்கிட வேண்டும்; இல்லாவிட்டால் ஒரே மாடல் கருவிகள் எல்லாம் ஒரே எண்ணையே எடுக்கும்.

கிணத்துமேடு:
பிரீக்வென்சி பார்த்துக் கிளம்பும் கருவி உதவுமா?

மின்பாதை:
இதற்கு உதவாது. பிரீக்வென்சி நாடு முழுக்க ஒன்றே, 49.90 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் மொத்த கிரிட்டில் உற்பத்தி போதவில்லை என்று பொருள். உங்கள் டிரான்ஸ்பார்மரின் நிலையைச் சொல்வது வோல்ட்டேஜ். மூன்று பேஸுக்கும் இடையே 380 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் கிளம்பட்டும், 340-க்குக் கீழே போனால் நிற்கட்டும். நின்றபின் மறுபடி கிளம்பவும் அதே 0–300 காத்திருப்பு வேண்டும். இல்லையேல் எல்லாம் ஒன்றாக நின்று, வோல்ட்டேஜ் ஏறியதும் ஒன்றாகத் திரும்பும்.

காயில்கட்டு:
கெப்பாசிட்டர் போட்டு ரெண்டு பேஸில் ஓட்டுபவர் இருந்தால், வோல்ட்டேஜ் பார்க்கும் ஒயரை மெயின் பியூஸ் பக்கமே எடுங்கள். கெப்பாசிட்டருக்குப் பிறகு எடுத்தால், மூன்றாவது பேஸ் இருப்பதுபோலக் காட்டி ஏமாற்றிவிடும்.