பாதி மேட்ச்சில் போனைப் பிடுங்கும் வீடுகளுக்கு

பள்ளி ஆலோசகர்:
பிள்ளைகள் கேம் ஆடுவது பற்றிப் பெற்றோர் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "அஞ்சு நிமிஷம்ங்கிறான், அரை மணி நேரமாகுது." பையன் பொய் சொல்வதில்லை. பிஜிஎம்ஐ என்ற, கடைசிவரை சாகாமல் நிற்பவர் ஜெயிக்கும் துப்பாக்கிச் சண்டை மொபைல் கேமில், எராங்கல் என்ற மேப்பில் (ஆடுகளத்தில்) கடைசிவரை நின்றால் ஒரு மேட்ச் அரை மணி நேரம்வரை ஓடும். அதே மாதிரி கேமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்றால் பத்து, பதினைந்து நிமிடம். ரேங்க் மேட்ச்சில் நடுவே வெளியேறினால் புள்ளி போகும், ஸ்குவாடில் (நால்வர் அணியில்) இருக்கும் மற்ற மூவரிடமும் திட்டு விழும். அதனால் "ஒரு மணி நேரம்" என்று சொல்லாமல் "ரெண்டு எராங்கல்" என்று பேசிவையுங்கள்.

கேம் ஆடும் கல்லூரி மாணவர்:
மேட்ச் கணக்கு வேலைக்கு ஆகாது சார். இறங்கின உடனே செத்துட்டா அதுவும் ஒரு மேட்ச்சான்னு அங்கேயே பஞ்சாயத்து ஆரம்பிக்கும். "கடைசி ஸ்டார்ட்" நேரம் வைங்க. எட்டரைக்குச் சாப்பாடுன்னா 7.50க்கு மேல புது மேட்ச் கிடையாது. அதுக்குள்ள எத்தனை தடவை செத்தாலும் அவன் பாடு. ஓடிட்டிருக்கிற மேட்ச்சை மட்டும் முடிக்க விடுங்க.

மொபைல் சர்வீஸ் கடைக்காரர்:
இது சரி. பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப் போட்டிருந்தால், டவுன்டைமை (போன் தானாகப் பூட்டும் நேரத்தை) 7.50க்கு வைக்காதீர்கள், 8.30க்கு வையுங்கள். நேரம் ஆனதும் மேட்ச் நடுவிலேயே பூட்டிவிடும்; அந்தக் கோபத்தில்தான் பிள்ளைகள் பூட்டை உடைக்க வழி தேடுகிறார்கள். பிளேஸ்டேஷனிலும் நேரம் முடிந்ததும் அறிவிப்பு மட்டுமா, லாக்-அவுட்டா என்று கேட்கும். முதலில் அறிவிப்பில் விட்டுப் பாருங்கள்.

பிஜிஎம்ஐ தடை நீங்கி 2023 மே மாதம் திரும்பி வந்தபோது 18 வயதுக்குக் கீழ் நாளுக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 என்று வைத்தார்கள். அப்பா கணக்கில் பையன் ஆடினால் அவனும் பெரியவன்தான்! கேமுக்குள் இருக்கும் வரம்பை நம்பி உட்கார வேண்டாம்.

பெரும் சிக்கல் அம்மா போன். ஜிபே, பேங்க் மெசேஜ் எல்லாம் அதில்தான். செட்டிங்ஸில் "pin" என்று தேடி ஆப் பின்னிங்கை (திரையை ஒரே ஆப்பில் நிறுத்திவைக்கும் வசதியை) ஆன் செய்து, வெளியேற பின் நம்பர் கேட்கும்படி வைத்துக் கொடுங்கள். கேமை விட்டு வேறு ஆப்புக்குப் போக முடியாது. ஆனால் கேமுக்குள்ளேயே டைமண்ட், யூசி (காசு கொடுத்து வாங்கும் கேம் நாணயங்கள்) வாங்கும் வழியை இது அடைக்காது. அதற்கு ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பு கேட்கும்படி வைத்து, சேமித்த கார்டையும் யுபிஐயையும் நீக்க வேண்டும். பிள்ளையின் கைரேகை அந்த போனில் பதிவாகியிருந்தால் இவ்வளவும் வீண். அதை முதலில் அழியுங்கள்.

பள்ளி ஆலோசகர்:
கடைசி ஸ்டார்ட் யோசனை நல்லது, எடுத்துக்கொள்கிறேன். ஒன்று சேர்க்கணும். லீவு நாளில் நாள் முழுக்க ஆடினான் என்பதற்காக "அடிமை" என்று முத்திரை குத்தாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11, கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கேம் முன்னால் வருவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது ஆகியவை பொதுவாக 12 மாதமாவது நீடிக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. நிலைமை கடுமையாக இருந்தால் அத்தனை நாள் பார்க்க வேண்டியதில்லை. தூக்கம், சாப்பாடு, பள்ளி மூன்றும் சேர்ந்து குலைந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மனஸ் 14416க்கு அழையுங்கள், இலவசம். பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டாம்.