549 ரூபாய்க்கு வந்த கிரைண்டர்: திருப்பிக் கொடுக்கணுமா?

திண்டுக்கல்காரன்:
எங்கள் ஊர்ப் பாத்திரக்கடை ஒன்று போன வருடம்தான் ஆன்லைனில் விற்க ஆரம்பித்தது. பெயர் வேண்டாம். போன வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குப் பார்த்தால் 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் 549 ரூபாய். கடையில் அதுவே 5,490. ஒரு சைபர் விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மூன்று ஆர்டர் போட்டு ஜிபேயில் பணமும் கட்டிவிட்டேன். ஒன்று எங்களுக்கு, ஒன்று தங்கைக்கு. மூன்றாவது யாருக்கு என்று எனக்கே தெரியாது.

திங்கட்கிழமை மூன்றும் வந்து இறங்கின. மறுநாள் கடையிலிருந்து போன்: "சார், விலை தப்பா ஏறிடுச்சு. மீதியைக் கட்டுங்க, இல்லன்னா குடுத்துடுங்க, வண்டி நாங்களே அனுப்புறோம்." பில் இருக்கிறது, பணம் கட்டியாச்சு, தப்பு அவர்களுடையது என்கிறார் மச்சான். மனைவியோ ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்க விடவில்லை. யார் சொல்வது சரி?

வக்கீல் குமாஸ்தா:
மச்சான் சொல்வதில் பாதி உண்மை. ஒரு தரப்பு மட்டும் விவரத்தைத் தப்பாக நினைத்தது என்பதற்காகவே ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. ஆனால் எதிராளியின் தப்பு தெரிந்தே வாங்கினால் கதை வேறு. 2003 ஜனவரியில் சிங்கப்பூரில் ஓர் இணையக் கடை 3,854 சிங்கப்பூர் டாலர் லேசர் பிரிண்டருக்கு 66 டாலர் என்று விலை போட்டுவிட்டது. ஆறு பேர் மட்டும் 1,606 பிரிண்டர் ஆர்டர் செய்தார்கள்! கடை தர மறுத்தது, வழக்குப் போட்டார்கள். 2004இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2005இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். நடுராத்திரியில் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட மெசேஜ்களே அவர்களுக்கு எதிராக நின்றன. அந்தத் தீர்ப்பு இங்குள்ள கோர்ட்டைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனால் நீங்களும் "பார்த்தவுடனே தெரிந்துவிட்டது" என்று இங்கே எழுதி வைத்திருக்கிறீர்களே சார்!

சும்மா ஒருவன்:
பெரிய கம்பெனியாக இருந்தால் திருப்பித் தரவே வேண்டாம் என்பேன். நான் குறைந்த விலைக்கு ஷூ ஆர்டர் போட்டபோது ஒரு வார்த்தை சொல்லாமல் கேன்சல் செய்தார்கள். நான் தப்பான சைஸ் போட்டபோது மட்டும் கூரியர் காசைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா? ஆனால் இது ஊர்க்கடை. நாளைக்கு அதே தெருவில்தானே நடக்கணும்.

பில் கவுன்டர் அக்கா:
ஜவுளிக்கடையில் ஆறு வருஷம் பில் போட்டவள் நான். தீபாவளிக் கூட்டத்தில் 1,850 ரூபாய்ச் சேலைக்கு 185 என்று அடித்துவிட்டேன். வாங்கிய அம்மா பில்லைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் போய்விட்டார். வித்தியாசத்தை என் சம்பளத்தில்தான் பிடித்தார்கள். அந்த ரேட்டை அடித்தது யார் என்று கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள், தம்பி.

திண்டுக்கல்காரன்:
அக்கா, நீங்கள் சொன்ன பிறகு தூக்கம் வரவில்லை. ஒன்றே ஒன்று வாங்கியிருந்தால் ஆஃபர் என்று நினைத்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். மூன்று வாங்கிவிட்டு அதை எப்படிச் சொல்வது?

காலையில் போன் செய்தேன். இரண்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதற்கு வரவேண்டிய 1,098ஐக் கழித்து, வைத்துக்கொண்ட ஒன்றுக்கு 3,843 கட்டியாச்சு. ரேட் போட்டது யார் என்றும் கேட்டேன். முதலாளியின் மகனாம், பத்தாவது படிக்கிறான். கடையில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் அவன் ஒருவன்தானாம்.

மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்றாவது அவருக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.