ஜிப்சம் போர்டு சுவரில் ஓட்டை: ஒட்டுப் போடுவதா, செங்கல் கட்டுவதா?

செங்கோட்டை மாடிவீடு:
எங்கள் மாடியில் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஜிப்சம் போர்டு (இருபக்கமும் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகை) தடுப்பு. ஆனி மாதக் கணவாய்க் காற்றைச் சொல்ல வேண்டியதில்லை. கதவு படாரென்று அடித்து, கைப்பிடி போர்டைத் துளைத்துவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, சுற்றிலும் விரிசல். சிமெண்டு வைத்து அடைக்கலாம் என்கிறார் கொத்தனார். மொத்தத்தையும் பிரித்துச் செங்கல் கட்டச் சொல்கிறார் மாமனார். எது சரி?

தென்காசி அண்ணாச்சி:
மாமனார் சொல்வதுதான் சரி தம்பி. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் வீட்டுக்குள் துணியையே காயவிடாது. ஈரம் ஏறினால் ஜிப்சம் மாவாகிவிடும், மேல் தாளில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். இப்போது கைப்பிடி, நாளைக்குப் பிள்ளைகளின் பந்து. எத்தனை முறை ஒட்டுப் போடுவீர்கள்? நாலரை அங்குலச் செங்கல் சுவர் பேரன் காலத்திலும் நிற்கும்.

புனலூர் வேலைக்காரன்:
அண்ணாச்சி, மாடியில் செங்கல் கட்டச் சொல்லுமுன் கீழே பீம் இருக்கிறதா என்று கேட்க வேண்டாமா? இருபக்கம் பூசிய நாலரை அங்குலச் சுவர் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ வரும். ஜிப்சம் தடுப்பு அதில் பத்தில் ஒரு பங்குதான். அந்தப் பாரத்தைக் கணக்கில் எடுக்காமல் போட்ட தளத்தில் சுவரை ஏற்றினால் கீழ்வீட்டுக் கூரை விரிசல் விடும். ஓர் உள்ளங்கை ஓட்டைக்காக அந்த வம்பு எதற்கு?

கொத்தனார் யோசனையும் வேண்டாம். சிமெண்டுக் கலவை போர்டின் தாளில் பிடிக்காது, அதன் தண்ணீரும் போர்டை ஊறவைக்கும். பிறகு ஈரம் பட்டால் சிமெண்டும் ஜிப்சமும் வினைபுரிந்து உப்பிக்கொண்டு வரும்.

வழி இதுதான். முதலில் அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்துங்கள், போர்டுக்குப் பின்னால் ஒயர் ஓடலாம். விரிசல் முழுவதும் உள்ளே வருமாறு ஓட்டையைச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். அதைவிட நான்கு அங்குலம் நீளமான இரண்டு மர ரீப்பர்களை (மெல்லிய சட்டங்களை) உள்ளே நுழைத்து, பழைய போர்டுக்குப் பின்னால் ஒட்டிப் பிடித்தபடி முன்பக்கமிருந்து ஸ்க்ரூ போடுங்கள். பெரும்பாலும் போர்டு 12.5 மில்லிமீட்டர்தான் இருக்கும், இருந்தாலும் அளந்துவிட்டு அதே கனத்தில் துண்டு வாங்குங்கள். துண்டை ரீப்பர் மேல் வைத்து முடுக்கும்போது ஸ்க்ரூவின் தலை தாளைக் கிழிக்காமல் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே போய் நிற்க வேண்டும். தாள் கிழிந்தால் பிடிப்பு போய்விடும். அப்புறம் இணைப்பின் மேல் வலை டேப், அதன்மேல் ஜாயிண்ட் காம்பவுண்ட் (இணைப்பை மூடும் பூச்சுக் கலவை) மூன்று பூச்சு. ஒவ்வொன்றையும் முந்தையதைவிட அகலமாக இழுத்துவிடுங்கள். உப்புத்தாள் தேய்த்து, பிரைமர், பெயிண்ட். அவ்வளவுதான்.

தென்காசி அண்ணாச்சி:
பாரக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். பீம் இல்லையென்றால் செங்கல் வேண்டாம், சிமெண்ட் ஃபைபர் போர்டு போடட்டும், அது ஈரத்துக்குக் கரையாது. நீங்கள் சொல்லும் மூன்று பூச்சு இந்தச் சாரலில் எப்போது காய்வது? மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். பெயிண்ட் அடித்த பிறகு கோடு கோடாக வெடித்ததை எத்தனையோ வீட்டில் பார்த்தாயிற்று.

இலஞ்சி அக்கா:
இரண்டு பேரும் சுவரின் அடியைப் பார்க்கச் சொல்லவில்லையே. தம்பி, தரையை ஒட்டிய பகுதியில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தாலோ தாள் உப்பியிருந்தாலோ கசிவு இருக்கிறது. கசிவை நிறுத்தாமல் மேலே ஒட்டுப் போடுவது வீண் செலவு. கட்டை மாதிரிக் கெட்டியாக இருந்தால் போர்டு நன்றாகவே இருக்கிறது, ஓட்டையை மட்டும் பார்த்தால் போதும்.

புனலூர் வேலைக்காரன்:
அக்கா சொன்னதைச் செய்துவிட்டுத்தான் என் வழிக்கே வர வேண்டும். அண்ணாச்சி, காய்வதைப் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் அது வாளியில் குழைத்தே வரும் காம்பவுண்டுக்குத்தான், அது தண்ணீர் ஆவியானால்தான் காயும். தண்ணீர் விட்டுக் குழைக்கும் பவுடரில், தானாக இறுகும் வகை என்று கேட்டு வாங்கினால், சாரலிலும் இறுகும். வலை டேப்புக்கு அடிப்பூச்சாக அதுதான் வலுவும்கூட. ஆனால் உள்ளே இருக்கும் ஈரம் போனபிறகே பிரைமர் அடிக்க வேண்டும், ஃபேன் ஓடட்டும். சாரல் முடியட்டும் என்று காத்திருந்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் அடுத்த மழை வந்துவிடுமே.

தென்காசி அண்ணாச்சி:
குளியலறைப் பக்கம் திரும்பும் சுவராக இருந்தால்?

புனலூர் வேலைக்காரன்:
அங்கே நானும் உங்கள் கட்சிதான். பச்சைத்தாள் போர்டு ஈரக்காற்றைத் தாங்கும், ஆனால் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் சிமெண்ட் போர்டுதான் போட வேண்டும்.

செங்கோட்டை மாடிவீடு:
குளியலறை எதிர்ப்பக்கம். அடியில் அழுத்திப் பார்த்தேன், நகம் இறங்கவில்லை. வீடு கட்டிய இன்ஜினியரிடம் கேட்டாயிற்று, அந்த இடத்துக்குக் கீழே பீம் கிடையாது. ரீப்பர் வைத்தே ஒட்டுப் போடப் போகிறேன். மாமனாரிடம் பாரக் கணக்கைச் சொன்னேன், யோசிக்கிறார்.

இலஞ்சி அக்கா:
கதவுக்கு ஸ்டாப்பரைத் தரையில் பொருத்துங்கள் தம்பி. போர்டிலேயே ஒட்டும் ரப்பர் வேண்டாம், நம்ம காற்று அடிக்கும் அடி திரும்பவும் போர்டில்தான் விழும்.

தென்காசி அண்ணாச்சி:
ஒட்டுப் போடுங்கள், தடுக்கவில்லை. கார்த்திகை மழை முடிந்ததும் அந்தச் சுவர் எப்படி இருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள். அதுவரை என் பேச்சு சிமெண்ட் போர்டுக்குத்தான்.