டாப்பை நிறுத்தினேன், பேஸ் கூடியது

கல்யாண ரிசப்ஷனில் மெல்லிசை. மாலை ஐந்து மணிக்கு சவுண்ட் செக். டிரம்மர் கிக்கை (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) மிதிக்கிறார். 'டக்' என்ற மேல் சத்தம் மட்டும் வருகிறது, நெஞ்சில் விழவேண்டிய 'தம்' இல்லை. இன்னும் இரண்டு சப் (பேஸுக்கான ஸ்பீக்கர் பெட்டி) இறக்கலாம் என்று பையன்கள் வண்டிக்கே போய்விட்டார்கள்.

100 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டுவிட்டு, மண்டபத்தின் நடுவில் நின்றபடி டாப்பை (மேல் சத்தத்துக்கான பெட்டி) மட்டும் நிறுத்தச் சொன்னேன். சத்தம் குறையத்தானே வேண்டும்? கூடியது. அதுவரை சப்பும் டாப்பும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன.

இஞ்ச் டேப் பிடித்தோம். சப் மேடைக்குக் கீழே. டாப் மேடைமேல் ஸ்டாண்டில், 1.75 மீட்டர் பின்னால். அந்தச் சூட்டில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். ஆக, டாப் 5 மில்லி செகண்ட் தாமதம். 100 ஹெர்ட்ஸுக்கு ஒரு சுற்றே 10 மில்லி செகண்ட். டாப்பின் அலை காதைத் தள்ளும் நேரத்தில் சப்பின் அலை இழுக்கிறது. எங்கள் கிராஸ்ஓவரும், அதாவது சப் விட்டு டாப் எடுத்துக்கொள்ளும் எல்லையும், அதே 100தான்; இரண்டும் சம பலத்தில் மோதும் இடம்.

சப்பின் பொலாரிட்டியை (பிளஸ், மைனஸ்) திருப்பினால் போதாதா என்று தம்பி கேட்டான். திருப்பினேன், டோன் கும்மென்று எழுந்தது. ஆனால் கிக் இன்னும் இரண்டாகப் பிரிந்தே கேட்டது. திருப்பினால் அலை தலைகீழாகும், அவ்வளவுதான்; முந்தி வந்தது முந்தியேதான் வரும். 100இல் சேர்ந்தது 70இலும் 130இலும் 54 டிகிரி (ஒரு முழுச் சுற்று 360) விலகி நிற்கும். பொலாரிட்டியைப் பழையபடி வைத்து, சப்புக்கு 5 மில்லி செகண்ட் டிலே (தாமதம்) கொடுத்தேன். அடுத்த மிதி ஒரே அடியாக வந்து விழுந்தது. வண்டியிலிருந்த சப்பை இறக்கவே இல்லை.

* * *

அண்ணே, உங்கள் சப் கதைக்கு என் பதில் இது. எனக்கு இது வீட்டு ஸ்பீக்கர் பெட்டியில் நடந்தது. கீழ்ச் சத்தத்துக்கு ஆறு இஞ்ச் ஊஃபர், மேல் சத்தத்துக்கு ஒரு இஞ்ச் ட்வீட்டர், 3000 ஹெர்ட்ஸில் கிராஸ்ஓவர். அங்கே அலைநீளமே பதினொன்றரை சென்டிமீட்டர். உங்களுக்கு மீட்டர் கணக்கு, எனக்கு விரற்கடைக் கணக்கு. ஊஃபரின் கோன் குழிந்திருப்பதால் அதன் ஒலி ட்வீட்டருக்குச் சற்றுப் பின்னாலிருந்து கிளம்புகிறது. பெண் குரலில் 'ச' மட்டும் பிரிந்து மேலே நின்றது.

பெட்டியின் முன்பக்கம் மரக்கட்டை கொடுத்துப் பின்னால் சாய்த்தேன்; மேலே இருக்கும் ட்வீட்டர் சற்றுப் பின்னே போனது, குரல் கூடிவந்தது. அப்புறம் ட்வீட்டர் ஒயரை வேண்டுமென்றே பிளஸ், மைனஸ் மாற்றிப் போட்டு மைக் வைத்து அளந்தேன்: 3000இல் கிணறு மாதிரி பள்ளம். அது எவ்வளவு ஆழமோ, நேராக மாட்டும்போது அவ்வளவு ஒற்றுமை. கட்டையை ஒரு நூல் தள்ளினாலும் பள்ளத்தின் ஆழம் குறைந்தது. பள்ளம் மிக ஆழமாக வந்தபோது கட்டை இருந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, ஒயரை நேராக மாட்டினேன்.