தாத்தாவின் ஹெரால்டில் இறுகிப்போன திருகாணிகள்

நான்: மாமா, வணக்கம். தாத்தாவின் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரில் ஓட்டுநர் பக்கக் கதவு சரியாகச் சாத்துவதில்லை. கதவுத் தூணில் உள்ள பூட்டுத் தகட்டைச் சற்று நகர்த்தினால் போதும் என்று தெரிகிறது. ஆனால் அதன் திருகாணிகள் துருப்பிடித்து அசையவே மறுக்கின்றன. சுற்றியுள்ள பெயின்ட் சென்னைத் தொழிற்சாலையில் அடித்தது என்பதால், அதில் ஒரு கீறல்கூட விழாமல் கழற்ற வழி சொல்லுங்கள்.

அண்ணன்: இரவு கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றி வைத்தால் காலையில் இளகிவிடும் என்று எங்கள் தெரு மெக்கானிக் சொல்கிறார்.

திருச்சி மாமா: அதை மட்டும் செய்துவிடாதீர்கள். வழக்கமான பிரேக் ஆயில் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது. வழிந்த இடத்தில் பெயின்டைக் கொப்புளிக்க வைத்து உரித்துவிடும். அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலையும் (ATF) கலந்து ஊற்றும் முறை துருவுக்கு நல்லதுதான், ஆனால் அசிட்டோன் பழைய பெயின்டைக் கரைக்கும் என்பதால் அது கழற்றி மேசைமேல் வைத்த பாகங்களுக்கு மட்டுமே ஏற்றது. மாப்பிள்ளை, திருகாணித் தலையை முதலில் நன்றாகப் பார். கூட்டல் குறி போன்ற வெட்டுக்கு நடுவே, மூலைவாட்டில் மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா?

நான்: ஆம் மாமா, அழுக்கைத் துடைத்தபின் தெரிகின்றன.

திருச்சி மாமா: அப்படியானால் அது பாசிடிரைவ் (Pozidriv) என்ற வகைத் தலை. பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகளில் 1960களிலிருந்து இது பரவலாக வந்தது. நம் கடைகளில் ஸ்டார் என்று பொதுவாகக் கொடுக்கும் பிலிப்ஸ் முனையை இதில் வைத்து அழுத்தினால், அது வழுக்கி மேலேறித் தலையையும் தேய்க்கும், பக்கத்திலுள்ள பெயின்டையும் கிழிக்கும். ஆகவே சரியான அளவுப் பாசிடிரைவ் முனையை வாங்கு. பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பின்னர் வெட்டுக்குள் அடைந்திருக்கும் பெயின்டை ஊசியால் சுரண்டி எடு. தலையின் விளிம்பைச் சுற்றிக் கூரான பிளேடால் மெல்ல ஒரு கோடு கீறு. இதைச் செய்யாமல் திருகினால், தலையோடு ஒட்டியிருக்கும் பெயின்ட் பெரிய சில்லாகப் பெயர்ந்து வரும். அதன்பின் பழைய பிளாஸ்டிக் அட்டையில் தலை அளவுக்குத் துளையிட்டு, அதை மாஸ்கிங் டேப்பால் தூணில் ஒட்டு. துரு இளக்கும் எண்ணெயைப் பீய்ச்சாமல், குச்சி முனையால் தலையின் ஓரத்தில் ஒவ்வொரு துளியாக விட்டு, ஓர் இரவு முழுவதும் ஊறவிடு.

அக்கா: கேஸ் அடுப்புப் பற்றவைப்பான் போன்ற சிறிய டார்ச்சால் சூடேற்றினால் விரைவாக வருமே, மாமா?

திருச்சி மாமா: பெட்ரோலும் ரப்பர் பீடிங்கும் உள்ள வண்டியில், அதுவும் எண்ணெய் ஊறிய இடத்தில், தீச்சுடர் கூடவே கூடாது. எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, சால்டரிங் அயர்ன் முனையைத் தலையின் நடுவில் மட்டும் சிறிது நேரம் வைத்து எடுங்கள். திருகாணி விரிந்து, ஆறும்போது சுருங்கி, மரையில் இறுகியிருக்கும் துருவைத் தளர்த்தும். தூணுக்குப் பரவுமுன் சூட்டை நிறுத்திவிட்டால் பெயின்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆறியதும் மறுபடியும் ஒரு துளி எண்ணெய் விட வேண்டும்.

கழற்றும்போது முனையில் சிறிது வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் (சொரசொரப்பான துகள் கலந்த பசை) தடவிக்கொள், பிடிப்பு கூடும். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை திருப்பி, பிறகு தளர்த்தும் பக்கமாகத் திருப்பு. அப்போதும் அசையாவிட்டால் சுத்தியலால் தட்டும் கை இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்தலாம், தூண் அதைத் தாங்கும். ஆனால் பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு போன்ற வார்ப்பு உலோகப் பாகங்களில் அதை ஒருபோதும் பயன்படுத்தாதே, அவை விண்டுவிடும்.

நான்: தலை முழுவதும் தேய்ந்துபோனால் என்ன செய்வது?

திருச்சி மாமா: நடுவில் பஞ்ச் வைத்துக் குறியிட்டு, திருகாணியின் தண்டு அளவுள்ள துரப்பணத்தால் தலையை மட்டும் துளைத்து எடு, தகடு வெளியே வந்ததும் மீதித் தண்டை வைஸ்கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கும் குறடு) பிடித்துத் திருகலாம். ஒன்றை மறந்துவிடாதே: பல பிரிட்டிஷ் வண்டிகளில் தூணுக்குள் மரையுள்ள தகடு ஒட்டாமல் மிதந்துகொண்டிருக்கும். எல்லாத் திருகாணிகளையும் ஒரே நேரத்தில் எடுத்தால் அது உள்ளே விழுந்துவிடும். ஒன்றைக் கழற்றிப் புதியதைத் தளர்வாகப் போட்ட பிறகே அடுத்ததைத் தொடு. புதியவற்றின் மரையில் செப்பு கிரீஸ் தடவு, கீறிய விளிம்பில் மெல்லிய தூரிகையால் டச்சப் பெயின்ட் வை.