நான்காம் ஆண்டுக்கு மூன்று விருப்பப்பாடங்கள்: எதை எடுப்பது, எதை விடுவது?

டோங்காட் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட்டிலிருந்து எழுதுகிறேன். உயிரியல் பொறியியலில் மூன்றாம் ஆண்டை நவம்பரில் முடித்தேன். பிப்ரவரியில் நான்காம் ஆண்டு தொடங்குகிறது. அதற்குள் மூன்று விருப்பப்பாடங்களைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் பொறியியல் படித்தவர் யாரும் இல்லை. தாத்தா சர்க்கரை ஆலையில் கொதிகலன் பக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். அப்பா கரும்பு லாரி ஓட்டுகிறார். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

பட்டியலில் ஆறு பாடங்கள் இருக்கின்றன. நொதித்தல் பொறியியல், கழிவுநீரின் உயிரியல் சுத்திகரிப்பு, செயல்முறைக் கட்டுப்பாடு, உயிர்மருத்துவக் கருவிகள், திசுப் பொறியியல், உயிர்த்தகவலியல்.

என் மனம் கடைசி மூன்றின் பக்கமே போகிறது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, இரண்டு ஆண்டுகளாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. விடுமுறையில் அவரை அழைத்துப் போவது நான்தான். நான்கு மணி நேரம் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஆயாவின் ரத்தம் குழாயில் வெளியே வந்து, நார்க்கற்றை ஒன்றில் நுழைந்து, மறுபடி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இப்படி ஒன்றை இன்னும் சிறியதாக, வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி செய்ய முடியாதா என்ற எண்ணம் அங்கேதான் வந்தது. உயிர்த்தகவலியல் ஆசைக்கு வேறு காரணம். 2021 நவம்பரில் நான் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் நம் நாட்டு ஆய்வாளர்கள் கொரோனா வைரஸின் மரபணு வரிசையை அலசி ஒமிக்ரான் வகையைப் பற்றி உலகுக்கு அறிவித்தார்கள். அந்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

மதிப்பெண்களையும் மறைக்காமல் சொல்கிறேன். உயிரணு உயிரியலில் 78, புள்ளியியலில் 71, வெப்ப மற்றும் பொருண்மைக் கடத்தலில் 52.

அப்பா நொதித்தலை எடுக்கச் சொல்கிறார். ஆலை, எரிசாராயம் என்று ஊருக்குப் பக்கத்திலேயே வேலை இருக்கும் என்பது அவர் கணக்கு. மூன்றையும் மருத்துவப் பக்கமாகவே எடுத்தால் பின்னால் பொறியியல் கவுன்சிலில் பொறியாளராகப் பதிவு செய்வதில் தடை வருமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.


நொதிக்கலன் அக்கா:

தங்கச்சி, உன் பட்டியலைப் பார்த்ததும் என் மூன்றாம் ஆண்டு கண்முன் வந்தது. நான் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவள். இப்போது ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நொதித்தல் பிரிவில் வேலை செய்கிறேன். நானும் பாடங்களின் பெயரைப் பார்த்தே விருப்பப்பாடங்களை எடுத்தேன். முதல் வேலையில் அதற்கு விலை கொடுத்தேன்.

ஆய்வகத்தில் 5 லிட்டர் கலனில் நன்றாக வளர்ந்த ஈஸ்ட், பெரிய கலனில் சூடேறிச் சோர்ந்துபோனது. காரணம் என்ன என்று மேலாளர் கேட்டபோது நான் மரபணுவைப் பற்றிப் பேசினேன். பக்கத்தில் நின்ற டெக்னீஷியன், கலனின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்து மடங்காக்கினால் கொள்ளளவு 1000 மடங்காகும், சுவரின் பரப்பு 100 மடங்குதான் ஆகும் என்று அமைதியாகச் சொன்னார். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது வெப்பம் விடுகிறது. அந்த வெப்பம் வெளியேற ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் சுவர் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. அவ்வளவுதான் காரணம். அதற்கான விடை நான் ஒப்பேற்றி முடித்த வெப்பக் கடத்தல் பாடத்தில் இருந்தது.

அதனால் உன் பதிவில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த 52தான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நீ ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற அந்த நார்க்கற்றை இருக்கிறதே, அது முழுக்க முழுக்கப் பொருண்மைக் கடத்தல்தான். சவ்வின் ஒரு பக்கம் ரத்தம், மறு பக்கம் டயாலிசிஸ் திரவம். யூரியா செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு விரவுகிறது. பொதுவாகத் திரவம் நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் ஓடும். நான்கு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார், ஒரு தடவைக்கு 120 லிட்டர் வருகிறது. வீட்டில் வைக்கும்படி சிறியதாக்க வேண்டும் என்கிறாய். அப்படியானால் இந்த 120 லிட்டரை எங்கே வைப்பது, எப்படிக் குறைப்பது என்பதே நீ தீர்க்க வேண்டிய சிக்கல். திசுப் பொறியியலும் வேறு வழியில் இங்கேயே வந்து நிற்கும். ரத்த நாளம் இல்லாமல் வளர்க்கும் திசு கொஞ்சம் தடித்தாலே நடுவில் இருக்கும் உயிரணுக்களுக்கு ஆக்சிஜன் எட்டுவதில்லை.

என் யோசனை இது. நொதித்தலை எடு. அப்பா சொல்கிற காரணத்துக்காக மட்டும் எடுக்க வேண்டாம், அதில் ஆய்வகம் இருக்கிறது என்பதற்காக எடு. நான் படித்தபோது ஒரு நாள் சோதனையின் நடுவில் மின்வெட்டு வந்தது. கலக்கி நின்றது, காற்று நின்றது. ஆக்சிஜன் அளவி மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, முள் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. கடல் மட்டத்திலேயே 37 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் காற்றிலிருந்து கரைந்து நிற்கும் ஆக்சிஜன் 7 மில்லிகிராமுக்கும் குறைவு என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அது எவ்வளவு சிறிய இருப்பு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஜோகன்னஸ்பர்க் 1700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் டர்பனில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான், கரையும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. டர்பனில் வடிவமைத்த காற்றூட்டியை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் போதாது.

இரண்டாவதாக உயிர்மருத்துவக் கருவிகள். அது உன் ஆசை, அதை விடாதே. ஆசை இல்லாமல் நான்காம் ஆண்டைக் கடப்பது கடினம். மூன்றாவதாகச் செயல்முறைக் கட்டுப்பாடு. டயாலிசிஸ் இயந்திரம் அழுத்தத்தையும் வெப்பத்தையும் உப்பின் அளவையும் ஓயாமல் அளந்து தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணிதம் இந்தப் பாடத்தில்தான் வரும். உயிர்த்தகவலியலைப் பின்னால் தனியாகவும் கற்றுக்கொள்ளலாம், ஒரு கணினி போதும். நொதிக்கலனை வீட்டில் வைத்துப் பழக முடியாது.


மாரிட்ஸ்பர்க் பெரியவர்:

அக்கா சொன்ன அடிப்படையை ஏற்கிறேன். மூன்றாவது பாடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. கழிவுநீர்ப் பாடத்தை யாருமே ஆசைப்பட்டு எடுப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். நான் அந்தத் துறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

அம்மா, உலகம் முழுவதும் இன்று கழிவுநீரிலிருந்து நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் நுண்ணுயிரிகளைக் கொண்டே நீக்குகிறார்கள். அந்தக் கலையின் பெரும்பகுதி பிறந்தது நம் நாட்டில். 1970களில் பிரிட்டோரியாவில் ஜேம்ஸ் பர்னார்ட் செய்த வேலையிலிருந்து வந்தது பார்டென்ஃபோ முறை. பர்னார்ட், டீநைட்ரிஃபிகேஷன் (நைட்ரஜன் நீக்கம்), பாஸ்பரஸ் என்ற மூன்றின் எழுத்துகளைச் சேர்த்து அமைத்த பெயர் அது. காற்று உள்ள தொட்டி, காற்று இல்லாத தொட்டி என்று கசட்டைச் சுற்றிவிட்டால், பாஸ்பரஸைத் தேவைக்கு மேல் விழுங்கிக்கொள்ளும் பாக்டீரியாக்கள் அதில் பெருகிவிடுகின்றன. கேப்டவுனில் மரைஸ் என்ற பேராசிரியரும் அவர் மாணவர்களும் இதைக் கணித மாதிரியாக்கினார்கள். 1987இல் வெளியான முதல் பன்னாட்டு மாதிரியை உருவாக்கிய குழுவில் அவரும் இருந்தார். தென்னாப்பிரிக்காவில் உயிரியல் பொறியியல் படிக்கும் பிள்ளை இதை அறியாமல் பட்டம் வாங்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

தேவையும் பெரிது. கழிவுநீர் நிலையங்களைத் தரம் பார்த்து அரசு 2022இல் வெளியிட்ட பச்சைத்துளி (கிரீன் டிராப்) அறிக்கை, நகராட்சிகளின் 334 கழிவுநீர் அமைப்புகள் மிக மோசமான நிலையில் இருப்பதாகச் சொல்கிறது. அவற்றைச் சீராக்கத் தெரிந்த கைகள் போதவில்லை.


கணக்கு அண்ணன்:

பதிவு பற்றி மட்டும் சொல்கிறேன். பொறியியல் கவுன்சில் அங்கீகாரம் தருவது பட்டத்துக்கு. அந்தப் பட்டத்துக்குள் பல்கலைக்கழகம் அனுமதிக்கிற எந்த மூன்று விருப்பப்பாடங்களை எடுத்தாலும் தடை இல்லை. உங்கள் பட்டத்தின் பெயர் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்பதை மட்டும் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் நம் நாடு 1999இலேயே சேர்ந்துவிட்டது.

இன்னொன்று. ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு. 16 கிரெடிட் பாடம் என்றால் 160 மணி நேரம். நான்காம் ஆண்டின் இரண்டாம் பருவத்தை வடிவமைப்புத் திட்டமே விழுங்கிவிடும். ஆய்வகம் உள்ள பாடம் முதல் பருவத்தில் வருகிறதா என்று பாருங்கள். பதிவுக்கு முன் ஒவ்வொரு பாடத்துக்கும் சென்ற ஆண்டு வினாத்தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பாட விவரக் குறிப்பைவிட அது உண்மையைச் சொல்லும்.


டோங்காட் மாணவி:

அக்கா, ஐயா, அண்ணா, மூவருக்கும் நன்றி. 120 லிட்டர் கணக்கை நேற்று இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ஆலையில் சாறு சூடேற்றும் குழாய்களிலும் எந்தத் திசையில் எது ஓட வேண்டும் என்று தாத்தா சண்டை போடுவார் என்றார். எனக்கு இது புதிய செய்தி.

நேற்றே மூன்று வினாத்தாள்களும் கிடைத்தன. உயிர்மருத்துவக் கருவிகள் தாளின் முதல் கேள்வியே சவ்வின் பரப்பைக் கணக்கிடச் சொல்கிறது. என்னால் பாதிக்கு மேல் போக முடியவில்லை. ஆகவே பொருண்மைக் கடத்தல் புத்தகத்தை ஜனவரி முழுவதும் மறுபடி படிக்கப் போகிறேன். நொதித்தல் முதல் பருவத்தில் வருகிறது, அதை எடுக்கிறேன். கருவிகள் பாடத்தையும் எடுக்கிறேன். மூன்றாவதுதான் இன்னும் முடிவாகவில்லை. ஐயா சொன்னதைப் படித்தபின் கட்டுப்பாடா கழிவுநீரா என்று மனம் ஊசலாடுகிறது. திசுப் பொறியியலை விடுவது வலிக்கிறது, மறைக்க மாட்டேன்.


நொதிக்கலன் அக்கா:

ஐயாவின் வாதம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. கழிவுநீரை எடுத்தால் கட்டுப்பாட்டு வகுப்பில் மாணவியாகப் பதியாமலே போய் உட்கார அனுமதி கேட்டுப் பார். பேராசிரியர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. திசுப் பொறியியல் முதுநிலையில் காத்திருக்கும். பொருண்மைக் கடத்தலில் எந்த இடத்தில் நின்றுபோகிறாய் என்று இங்கே எழுது. சனிக்கிழமைகளில் நான் விடை சொல்கிறேன்.


டோங்காட் மாணவி:

கழிவுநீரே எடுக்கிறேன், அக்கா. நின்ற இடம் இது: ரத்தமும் திரவமும் எதிரெதிர்த் திசையில் ஓடினால் சராசரிச் செறிவு வேறுபாட்டை எப்படி எடுப்பது என்பது புரியவில்லை. நாளை ஆயாவுக்கு டயாலிசிஸ் நாள். எந்தக் குழாயில் எது எந்தப் பக்கம் போகிறது என்று சிஸ்டரிடம் கேட்டு வரைந்துகொண்டு வருகிறேன்.