லேஹி சட்டம்: ஒரு படைப்பிரிவுக்கு மட்டும் உதவியை நிறுத்தினால் பலன் உண்டா?

கேள்வி – பாலக்கோடு ஆசிரியர்

வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். வெளிநாடுகளுக்கான ராணுவ உதவி பற்றிய பாடத்தின்போது அமெரிக்காவின் லேஹி சட்டத்தைச் சொல்ல நேர்ந்தது. வெர்மான்ட் மாநில செனட்டர் பேட்ரிக் லேஹியின் முயற்சியால் 1997-இல் வந்த இச்சட்டத்தின்படி, சட்டத்துக்குப் புறம்பான கொலை, சித்திரவதை, ஆட்களைக் காணாமல் ஆக்குதல், பாலியல் வன்கொடுமை போன்றவற்றில் ஒரு வெளிநாட்டுப் படைப்பிரிவு ஈடுபட்டதாக நம்பத்தகுந்த தகவல் இருந்தால், அந்தப் பிரிவுக்கு அமெரிக்க அரசுப் பணத்தில் ஆயுதமோ பயிற்சியோ தரக்கூடாது. "ஒரு பிரிவுக்கு நிறுத்திவிட்டுப் பக்கத்துப் பிரிவுக்குக் கொடுத்தால் துப்பாக்கி கைமாறிவிடாதா, சார்?" என்று ஒரு மாணவி கேட்டார். வகுப்பில் என்னால் சரியாகப் பதில் சொல்ல இயலவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 – அரூர் வழக்கறிஞர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். முதலில் இரண்டு சட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு வெளிநாட்டு உதவிச் சட்டத்தில் 1970-களில் சேர்க்கப்பட்ட 502பி பிரிவு, மனித உரிமைகளைத் தொடர்ந்து கடுமையாக மீறும் நாட்டுக்கு மொத்தமாகவே உதவி கூடாது என்கிறது. ஒரு நட்பு நாட்டின் மேல் அந்த முத்திரையைக் குத்த எந்த வெளியுறவு அமைச்சரும் துணிவதில்லை என்பதால், அது பெரும்பாலும் ஏட்டிலேயே கிடக்கிறது. லேஹி சட்டம் குறியைச் சிறிதாக்கிக்கொண்டது, அதனால்தான் கொஞ்சமாவது பயன்படுகிறது. வெளியுறவுத் துறையின் உதவிக்குப் பொருந்தும் லேஹி பிரிவில், "தேசப் பாதுகாப்பு நலன்" என்று சொல்லி விலக்கு அளிக்க இடமில்லை. எகிப்துக்கு ஆண்டுதோறும் தரப்படும் 130 கோடி டாலரில் ஒரு பகுதிக்கு விதிக்கப்படும் மனித உரிமை நிபந்தனைகள் வேறு வகை. அவற்றில் அந்த விலக்கு உண்டு, 2024 செப்டம்பரில் அதையும் பயன்படுத்தித்தான் முழுத் தொகையையும் விடுவித்தார்கள்.

ஆனால் லேஹி சட்டத்துக்கும் ஒரு புறவாசல் இருக்கிறது. குற்றம் செய்தவர்களைச் சட்டத்தின்முன் நிறுத்த அந்த நாடு "பயனுள்ள நடவடிக்கை" எடுத்தால் தடை விலகும். எது பயனுள்ளது? எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டைச் சோதனை என்று வாச்சாத்திக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்தன. மக்களை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள், 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். உயர் நீதிமன்றம் 1995-இல் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்ட பிறகுதான் வழக்கு நகர்ந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று சொன்னது, 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்கு நடந்த அந்த 19 ஆண்டுகளில், "விசாரணை நடக்கிறது" என்று எந்த நாளில் கேட்டாலும் சொல்லியிருக்க முடியும் அல்லவா?

பதில் 2 – பர்கூர் முன்னாள் படைவீரர்

மாணவியின் கேள்விக்கு நேராக வருகிறேன். இருபது ஆண்டுக் காலப் பணியில் சில ஆண்டுகள் ஸ்டோரில் இருந்தேன். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண் உண்டு. யாருக்கு எப்போது கொடுத்தோம், எப்போது திரும்பி வந்தது என்று லெட்ஜரில் கையெழுத்து இருக்கும். ஆகவே துப்பாக்கியின் தடத்தைப் பிடிப்பது இயலாத காரியம் அல்ல. ஆனால் எறிகணையும் தோட்டாவும் பொதுக் கிடங்குக்கு வந்து, அங்கிருந்து கேட்கும் பிரிவுகளுக்கெல்லாம் பிரிந்து போகும், சுட்டபின் அதில் என்ன எண்ணைத் தேடுவது? எந்தப் பிரிவுக்குப் போகும் என்று முன்கூட்டியே தெரியாத உதவிக்கு, தடைசெய்யப்பட்ட பிரிவுகளின் பட்டியலை வாங்கும் நாட்டிடமே கொடுத்து, "இவர்களுக்குத் தராதீர்கள்" என்று சொல்லும் முறையைப் பின்னாளில் சேர்த்தார்கள். கிடங்குச் சாவி வாங்குபவரிடம் இருக்கும்போது அந்தப் பட்டியல் எந்த அளவுக்கு மதிக்கப்படும் என்பதைப் பிள்ளைகளே யோசிக்கட்டும். இன்னொன்று, ஒரு நாடு தன் சொந்தப் பணத்தில் வாங்கும் ஆயுதம் இச்சட்டத்தின் கீழ் வருவதில்லை.

பதில் 3 – முகாமில் வளர்ந்தவள்

நான் தருமபுரி மாவட்டத்தில், இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் வளர்ந்தவள். 2007 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் நிதிச் சட்டத்தின் வழியாக இலங்கைக்கான ராணுவ உதவியைக் கட்டுப்படுத்தியது. கடல், வான் கண்காணிப்புக் கருவிகளுக்கும் தகவல் தொடர்புக் கருவிகளுக்கும் மட்டும் விலக்கு இருந்தது. ஆனால் சீனாவும் பாகிஸ்தானும் ஆயுதம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன, 2009 மே மாதம் என்ன நடந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அந்த விலக்கை முதன்முதலாகப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, கடலில் கண்காணிக்கப்பட்டவர்களில் தப்பி வந்தவர்களும் உண்டே என்று.

ஆனாலும் இச்சட்டங்கள் வீண் என்று சொல்ல மாட்டேன். 2020 பிப்ரவரியில் அன்றைய இலங்கை ராணுவத் தளபதி சவேந்திர சில்வா அமெரிக்காவுக்குள் நுழைய அந்நாடு தடை விதித்தது, வேறொரு சட்டப் பிரிவின் கீழ்தான். அந்தச் செய்தி வந்த அன்று என் அம்மா தொலைபேசியில் இரண்டு முறை பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். எங்களுக்கு அதுவரை கிடைத்திராத ஒன்று அது, ஒரு அரசாங்கம் பெயரைக் குறிப்பிட்டு எழுதியது.

பதில் 4 – அரூர் வழக்கறிஞர்

சகோதரி சொன்னதை ஒட்டி ஒன்று சேர்க்கிறேன். வாச்சாத்தியில் குற்றம் சாட்டப்பட்ட துறைகளிடமிருந்து விசாரணையைப் பிடுங்கி இன்னொருவரிடம் கொடுக்க ஒரு நீதிமன்றம் இருந்தது. லேஹி சட்டத்திலோ ஆயுத உதவியைத் தருகிற அரசே, அதை நிறுத்த வேண்டுமா என்றும் தீர்மானிக்கிறது. 2022 ஜனவரியில் மேற்குக் கரையில் இஸ்ரேலின் நெட்சா யெஹுதா படைப்பிரிவினர் பிடித்துவைத்த பாலஸ்தீன அமெரிக்க முதியவர் ஒருவர் இறந்தார். யார் மீதும் குற்ற வழக்கு இல்லை என்று 2023-இல் அந்த ராணுவம் முடித்துக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வாஷிங்டன், அந்தப் பிரிவு தன் தவறுகளுக்குப் பரிகாரம் தேடிவிட்டது, உதவியைத் தொடரலாம் என்று அறிவித்தது. இச்சட்டத்தை இஸ்ரேல் விஷயத்தில் நடைமுறைப்படுத்தவில்லை என்று கூறி, அதே ஆண்டு டிசம்பரில் பாலஸ்தீனர் சிலர் அமெரிக்க வெளியுறவுத் துறை மீது வாஷிங்டன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். ஐயா, உங்கள் மாணவியிடம் அந்த வழக்கைப் பற்றியும் சொல்லுங்கள்.